சம்பந்தி காதுக்குப் போகக் கூடாது

சலவைக்கூடத்தில் வேலை செய்தவர்கள் அதன் முதலாளியான பெரியவரைக் ‘கஞ்சி’ என்று அழைத்தார்கள். முகத்துக்கு நேராக அல்ல. வெள்ளை விரிப்புகளுக்குப் போடுகிற கஞ்சியைத் தம் முதுகெலும்புக்கும் போட்டுக்கொண்டுதான் மனிதர் காலையில் எழுந்திருக்கிறார் என்று முதலில் சொன்னவள் ரேடியோ. அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வாய் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்ததில் அது எல்லாருக்கும் மறந்துபோயிற்று. பட்டப்பெயர் பெரியவர் காதுக்கும் வந்திருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் வளைந்து கொடுக்கிற முதுகைவிட விறைத்த முதுகு மேல் என்பது அவர் கட்சி.

விறைப்பாக இருக்க அவருக்குத் தகுதியும் இருந்தது. மனைவி காலமான பிறகு, மகனைத் தனி ஆளாக வளர்த்தார். விடுதிகளுக்கும் விருந்து மண்டபங்களுக்கும் விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற தொழிலை ஒரு கறை இல்லாமல் நடத்தினார். அந்த வீட்டைப் பற்றி வெளியில் ஒருவர் வாய் திறக்க இடம் வைக்கவில்லை. மகனுக்குப் பெண் பார்த்தபோதும் குடும்பத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்.

பெண்ணின் அப்பா கண்ணாடி அறுத்து விற்கிறவர். பேச்சும் அப்படியே, கோடு போட்டு நறுக்கென்று உடைக்கிற மாதிரி இருக்கும். கல்யாணப் பேச்சு முடிந்த அன்று இரு வீட்டாரும் கூடியிருந்த இடத்தில் அவர் சொன்னார்:

“என் பொண்ணு தலைவலின்னு ஒரு நாள் படுத்தவ இல்ல, சம்பந்தி. நோய் நொடி தெரியாம வளர்த்துக் குடுக்கறேன். அதே மாதிரி பாத்துக்குங்க.”

அதில் பாதி வேண்டுகோள், பாதி சவால். சவால் பெரியவர் காதில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

“உங்க வீட்டுல இருந்ததைவிட ஒரு பிடி மேலயே இருப்பா,” என்றார். சொன்னது சொன்னதுதான். அதன் பிறகு சம்பந்தி எப்போது வந்தாலும், மகளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அந்தப் பார்வைக்குப் பெரியவர் ஒவ்வொரு முறையும் மார்பை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்வார்.

மருமகள் வந்த புதிதிலேயே சலவைக்கூடத்து வேலையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. ரோலர் மிஷினில் ஈர விரிப்பின் ஒரு முனையை ரேடியோ பிடிக்க, மறு முனையை இவள் பிடித்து, சுருக்கம் விழாமல் பட்டையில் விடுவாள். சூடான உருளைகள் அதை இழுத்துக்கொள்ளும். பின்பக்கம் மகன் நின்று, மொரமொரவென்று வெளியே வருவதை மடித்து அடுக்குவான். அந்த அறையில் எப்போதும் நீராவி. சுவரே வியர்க்கும்.

அவள் முதல்முறை விழுந்தது அங்கல்ல, துணி அடுக்கும் அறையில். கீழ்த்தட்டில் தலையணை உறைகளை எண்ணிவிட்டு எழுந்தவள், சுவரைத் தடவிக்கொண்டே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் அடுக்கி வைத்திருந்த உறைகளின் நிறத்தில் இருந்தது. மகன் பதறிப்போய் மருத்துவரிடம் அழைத்துப் போனான். பெரியவரும் கூடப் போனார். பெண் மருத்துவர். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்துப் பார்த்து, மறுபடியும் நிற்க வைத்துப் பார்த்தார். இரத்த அழுத்தம் குறைவு, எழுந்து நின்றால் இன்னும் இறங்குகிறது என்றார்.

பெரிய நோய் என்று பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது என்று சொன்னார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அதில் கொஞ்சம் உப்பும் சேர்த்துக்கொள்ளலாம். சட்டென்று எழக் கூடாது. சூட்டில் நெடுநேரம் நிற்கக் கூடாது, நின்றால் பக்கத்தில் உட்கார ஒரு இடம் வேண்டும். இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். இரும்புச்சத்தோ வேறு சத்தோ குறைந்திருந்தால் அதைப் பார்த்து அதற்கு மட்டும் மாத்திரை தருகிறேன், அதுவரை நீங்களாக எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் பெரியவர் மகனிடம் கேட்டார், உப்பும் தண்ணீரும் சாப்பிடச் சொல்வதற்கு இத்தனை வருஷப் படிப்பா என்று. மாத்திரை எழுதாத மருத்துவர் அவர் கணக்கில் சோப்பு இல்லாமல் வெளுக்கிறவர் மாதிரி.

இருந்தாலும் மருமகள் மருத்துவர் சொன்னபடியே நடந்தாள். மிஷின் பக்கத்தில் ஒரு முக்காலி வந்தது. ஜன்னல் விளிம்பில் உப்புக் கலந்த தண்ணீர்ப் பாட்டில் நின்றது. மெதுவாக எழுந்தாள், இடையிடையே உட்கார்ந்தாள். முகத்தில் நிறம் திரும்பியது. மகன் வீட்டில் விசிலடிக்கக்கூட ஆரம்பித்தான்.

ரேடியோதான் பிடித்துக்கொண்டாள். “என்னடி, ராணி மாதிரி முக்காலி போட்டாச்சு? தண்ணியா குடிச்சுத் தள்ற? விசேஷமா, இல்ல உடம்புக்கு ஏதாவதா?”

மருமகள் சிரித்து மழுப்பினாள். கதவருகில் நின்ற பெரியவர் அதைக் கேட்டுவிட்டார். ரேடியோவின் தங்கை வீடு சம்பந்தியின் கண்ணாடிக் கடைக்கு எதிரில். இன்று இவள் வாயில் விழுந்தால் நாளைக்கு அங்கே ஒலிபரப்பாகிவிடும். நோய் நொடி இல்லாமல் கொடுத்த பெண்ணை வேலை வாங்கி நோயாளி ஆக்கிவிட்டார்கள் என்று அந்த மனிதர் வாசலில் வந்து நிற்பார். மார்பை நிமிர்த்திக் காட்ட அன்று ஒன்றும் இருக்காது.

அடுத்த நாள் முக்காலி இல்லை. பாட்டிலும் இல்லை. இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பெரியவரே வாங்கித் தம் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பரிசோதனைக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தால் தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்காது. ஊருக்குத் தெரியாமல், வீட்டுக்குள்ளேயே விழுங்கி முடிக்கிற வைத்தியம்தான் வேண்டும் என்று தீர்மானித்தார். மகன் தயங்கினான். “டாக்டர் வேண்டாம்னாங்களேப்பா,” என்றான். “எனக்குத் தெரியும்,” என்றார் அவர். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது.

தம்மை யாருக்கும் தெரியாத பகுதியில் ஒரு சத்து மாத்திரைக் கடை இருப்பதாகக் கேள்விப்பட்டு, பேருந்து மாறிப் போனார். குளிரூட்டிய கடை. தரையிலிருந்து கூரை வரை டப்பாக்கள். எலும்புக்கு, முடிக்கு, தூக்கத்துக்கு, ஞாபகத்துக்கு என்று உடம்பைக் கூறுபோட்டு அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். கல்லாவில் இருந்த பெண் கலகலப்பானவள்.

“யாருக்குங்கய்யா?”

“எனக்குத்தான்,” என்றார். வாய் முந்திக்கொண்டது. மருமகளுக்கு என்று சொல்லிவிட்டால் எந்தக் குடும்பம், என்ன வயது என்று கேள்வி வளரும். “பிரஷர். தலை சுத்தல் இருக்கு.”

அவர் கண் பக்கத்து அலமாரிக்குப் போயிற்று. களைப்பு, தலைசுற்றல் என்று எழுதி, ஒரு பெண்ணின் படம் போட்ட இரும்புச்சத்து டப்பா. கை நீண்டது. கடைக்காரி சிரித்துவிட்டாள்.

“அது லேடீஸுக்குங்கய்யா. வீட்டுல அம்மாவுக்கு வேணும்னா சொல்லுங்க.”

கை தானாக மடங்கியது. அவள் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, சின்ன இயந்திரத்தின் பட்டையைக் கையில் சுற்றினாள். அது இறுக்கி, முனகி, விட்டது.

“கொஞ்சம் நிறையவே ஏறியிருக்குங்கய்யா. டாக்டரையும் பாத்துடுங்க,” என்றாள். பீட்ரூட்டும் பூண்டுச் சத்தும் அடைத்த ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். “உங்களுக்கு இதுதான் பொருத்தம்.”

தமக்கு ஏறியிருப்பது பெரியவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. பொருள் விற்கிறவர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள். அவர் வந்த காரியம் வேறு. டப்பாவைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். இரத்த அழுத்தத்தைச் சீரான அளவில் வைக்க உதவும் என்று போட்டிருந்தது. சீரான அளவு. ஏறியவனுக்கு இறக்கி, இறங்கியவனுக்கு ஏற்றி, தராசு முள்ளை நடுவில் நிறுத்துகிற சரக்கு என்று அவர் புரிந்துகொண்டார். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். குறைந்தவர்கள் சாப்பிடலாமா என்ற ஒரே கேள்வி. ஆனால் இப்போதுதான் கையில் ஏறியிருக்கிறது என்று காட்டிய மனிதன் குறைந்ததைப் பற்றி எப்படிக் கேட்பது? கேட்டால் சொன்ன பொய் கல்லா மேலேயே கவிழ்ந்து கிடக்கும். மானம் போகாமல் டப்பாவோடு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வருமுன்பே மாத்திரைகளை எழுத்தில்லாத ஒரு கண்ணாடிக் குப்பியில் கொட்டிக்கொண்டு, டப்பாவை வழியில் குப்பைத்தொட்டியில் போட்டார். குப்பியைத் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். தினமும் காலையில் மருமகளைக் கூப்பிட்டு, தம் கையாலேயே கொடுத்தார். அதில் அவருக்கு ஒரு நிறைவு. பெற்ற அப்பன்கூட இப்படி நின்று கொடுத்திருப்பானா என்று நினைத்துக்கொண்டார்.

“என்ன மாத்திரை மாமா? பூண்டு வாசம் வருதே.”

“உனக்கு நல்லதுதான்மா. முழுங்கு.”

முழுங்கினாள். அவள் மறுபேச்சுப் பேசுகிறவள் அல்ல. ஆனால் முகத்தில் திரும்பியிருந்த நிறம் மெல்லப் போய்விட்டது. மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். பேசிக்கொண்டே இருக்கும்போது கண் எங்கோ போய்விட்டுத் திரும்பும். ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள்:

“மாமா, இதைச் சாப்பிட ஆரம்பிச்சப்புறம்தான் ரொம்பக் கிறுகிறுங்குது. கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கட்டுமா?”

“மருந்து உள்ள போய் வேலை செய்யறப்ப அப்படித்தான் இருக்கும். அளவு பத்தலை போல.” மறுநாளிலிருந்து இரண்டு மடங்காகக் கொடுத்தார்.

சம்பந்தி ஒரு முறை வந்து போனார். அன்று மருமகளுக்கு நிற்கவே முடியவில்லை. ஆனாலும் கன்னத்தைக் கிள்ளிச் சிவக்கவைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். அப்பா மேலும் கீழும் பார்த்தார். ஏதோ கேட்க வாய் எடுத்து, கேட்காமலே செருப்பைக் கழற்றினார். பெரியவர் மார்பை நிமிர்த்தினார். நம் வீட்டுப் பெண் என்று அவளைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

பெரிய விருந்து ஒன்று முடிந்து விரிப்புகள் மலையாகக் குவிந்த நாளில் அது நடந்தது. பாய்லர் உச்சத்தில் ஓடியது. நீராவியில் எதிரே நிற்கிறவர் முகம் தெரியவில்லை. மருமகள் கூடையில் குனிந்து ஒரு விரிப்பை எடுத்து, ரேடியோவுக்கு ஒரு முனையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். நிமிர்ந்த வேகத்தில் கண் இருட்டியிருக்க வேண்டும். விழாமல் இருக்க எதையாவது பிடித்துக்கொள்ளக் கை நீட்டினாள். முக்காலி இருந்திருந்தால் அதைப் பிடித்திருப்பாள். கைக்கு அகப்பட்டது ஓடுகிற பட்டை.

கை இடித்தால் மின்சாரத்தை அறுக்கிற காப்புக் கம்பி இடிபட்டு மிஷின் அணைந்தது. ஆனால் அந்தக் கனத்த உருளைகள் நினைத்த மாத்திரத்தில் நிற்கிற சாதி அல்ல. அரைச் சுற்றாவது ஓடித்தான் நிற்கும். அந்த அரைச் சுற்று போதுமானதாக இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்த நினைவில்லை. கத்தியது ரேடியோ. மகன் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்து உருளையைத் தூக்குகிற சக்கரத்தைத் திருப்பினான். கூச்சல் கேட்டு ஓடி வந்த பெரியவர் வெளியே வந்த விரிப்பைப் பார்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் வெளுத்த வெள்ளையில் சிவப்பு ஊறியிருந்தது. பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் அவசரப் பிரிவுக் கட்டிலில் படுக்கவைத்து, மேலே ஒரு பையைத் தொங்கவிட்டு, இடது கையில் குழாய் ஏற்றினார்கள். வலது கையை மூடி வைத்திருந்தார்கள். அவளுக்கு நினைவு வந்திருந்தது. மகன் அப்பாவைக் கேட்காமலே மாமனாருக்குப் போன் செய்திருந்தான். கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் அதுதான். சம்பந்தி கண்ணாடித் தூள் ஒட்டிய சட்டையோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

மருத்துவர் இளைஞர். பிரஷர் காட்டுகிற இயந்திரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரத்தம் போனதற்கு மட்டும் இவ்வளவு இறங்காது, அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதனால் உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

“முன்னாடி ஏதாவது இருந்துதா? என்ன மருந்து சாப்பிடறீங்க?”

மருமகள் முதலில் பெரியவரைப் பார்த்தாள். பிறகு கால்மாட்டில் நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல டாக்டர்,” என்றாள். உதடு வெளுத்துக் காய்ந்திருந்தது. “எதுவும் சாப்பிடறதில்ல.” சொல்லி முடித்ததும் மறுபடியும் கண் செருகிவிட்டது.

மகன் அப்பா பக்கம் திரும்பினான். சொல்லுங்கள் என்று கேட்கிற பார்வை அது. அதற்கு மேல் அவனுக்குப் பழக்கமில்லை. பெரியவர் நிமிர்ந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். அவளே மூடிவிட்டாள். வீட்டு மானத்தை அந்தப் பெண், கை நசுங்கிய நிலையிலும் முந்தானைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் அசையாமல் நிற்பதுதான். அவர் ஒரு மூச்சு இழுத்தார். சட்டைப் பையில் குப்பி கலகலத்தது.

சம்பந்தி திரும்பிப் பார்த்தார்.

பெரியவர் குப்பியை எடுத்து மருத்துவர் கையில் கொடுத்தார். “பொய் சொல்றா. இதை நான் குடுத்தேன். தினமும்,” என்றார். “அவளுக்குப் பிரஷர் கம்மி. விழுந்திருக்கா முன்னாடியே. நான்தான் வெளிய சொல்லக் கூடாதுன்னேன்.”

மருத்துவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். “பூண்டு. வேற?”

“பீட்ரூட்டு.”

“யாருக்குன்னு சொல்லி வாங்கினீங்க?”

“எனக்குன்னு. கையில பட்டை கட்டிப் பாத்தாங்க. ஏறியிருக்குன்னாங்க.”

“ஏறினவங்களுக்கு இறக்கிவிடற சாமான் இது, பெரியவரே. இவங்களுக்கு ஏற்கெனவே தரையில கிடக்கு. அதையும் இறக்கியிருக்கீங்க.” சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இது மட்டுமேதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தச் சூடு, தண்ணீர் இல்லாமை எல்லாம் சேர்ந்துதான் என்றும் நியாயமாகவே சொன்னார். பிறகு கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நடைபாதை பெஞ்சில் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். மகன் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். சம்பந்தி இப்போது எழுந்து சட்டையைப் பிடிப்பார் என்று பெரியவர் காத்திருந்தார். பிடித்தால் தாங்கிக்கொள்வதாகவும் இருந்தார். சம்பந்தியோ கையில் ஒட்டிய கண்ணாடித் தூளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். விரல் நுனியில் இரத்தம் பொட்டு வைத்தது. அப்போதும் தேய்த்தார்.

“சின்னதுலேருந்தே விழுவா,” என்றார் கடைசியில். “பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்கறப்பவே விழுவா. அவங்க அம்மா எப்பவும் ஒரு பாட்டில்ல உப்புத் தண்ணி கலந்து பையில வச்சு அனுப்புவா. பேச்சு முடிக்கறப்ப நான்தான் யாரும் வாய் திறக்கக் கூடாதுன்னேன். அவகிட்டயும் சத்தியம் வாங்கினேன்.”

பெரியவருக்கு நாக்கு வரை ஒரு சொல் வந்தது. நோயாளிப் பெண்ணை மறைத்து என் தலையில் கட்டினாயா என்கிற சொல். காலையில் கேட்டிருந்தால் அந்த வீதியே அதிரச் சொல்லியிருப்பார். நியாயமும் அவர் பக்கம்தான். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் துப்புவது என்று தெரியாதவன் மாதிரி.

சொல் நாக்கிலேயே கிடந்தது.

நடுவிரலும் மோதிரவிரலும் எடுக்க வேண்டியதாயிற்று என்று மருத்துவர் வந்து சொன்னார். மற்றவை நிற்கும், மடங்குமா என்பது போகப் போகத்தான் தெரியும். கொஞ்ச நாள் கழித்து அவளை என் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றார் சம்பந்தி, யாரையும் பார்க்காமல். மகன், நானும் வருகிறேன் என்றான். பெரியவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

உள்ளே ஒருவர் மட்டும் போகலாம் என்றபோது மற்ற இருவரும் கையெழுத்துப் போடப் போயிருந்தார்கள். பெரியவர் போய்க் கட்டிலருகில் நின்றார். கட்டுப் போட்ட கை தலையணைமேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. புதுப் பை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்த நர்ஸிடம், இதில் என்ன மருந்து போகிறது, உயர்ந்த மருந்தா என்று கேட்டார்.

“மருந்தெல்லாம் ஊசியில போட்டாச்சு. இது வெறும் உப்புத் தண்ணிதான் ஐயா. இது ஏறினதுலதான் பிரஷர் கொஞ்சம் நிமிந்திருக்கு.”

பெரியவர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. சொட்டு சொட்டாக இறங்கியது.

மருமகள் கண்ணைத் திறந்தாள். மயக்கம் முழுதும் தெளியவில்லை. நாக்கு குழறியது.

“மாமா... அப்பா காதுக்குப் போகலியே?”

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார். முதுகு வலித்தது.

“போயிடுச்சும்மா,” என்றார். “நான்தான் சொன்னேன்.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா, ஆறுதலா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தமக்கு உரிமை இருப்பதாக அவர் நினைக்கவில்லை. பை காலியானால் கூப்பிடுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அவர் நிமிராமல், அப்படியே குனிந்தபடி, சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.